நாலு சுவர் நம்முடையது – நிலம் யாருடையது?

அடுக்குமாடி என்றதும், "அதெல்லாம் சென்னைப் பட்டணத்துச் சமாசாரம், புதுக்கோட்டைக்கு ஏன்?" என்று கேட்பர் சிலர். 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட ஊரைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி!

ஒரே கூரையின்கீழ்ப் பலர் உரிமை கொண்டிருப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. ராயவரத்திலும், கோனாப்பட்டிலும், கடியாபட்டியிலும் நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. அறையைப் பூட்டலாம், வளவைப் பூட்ட முடியாது! பங்காளிகள் பெருகினர், ஊர் ஊராய்ப் பிரிந்தனர். விற்கவும் கையெழுத்துச் சேரவில்லை, பழுது பார்க்கவும் பணம் சேரவில்லை. தேக்குத் தூண்கள் நிற்கின்றன, கூரை ஒழுகுகிறது.

அடுக்குமாடியின் உரிமையும் இவ்வாறே இரு கூறு. வீடு வாங்கியவனுக்கே தனி. மனை, மாடிப்படி, மொட்டை மாடி, கிணறு ஆகியவை பொது. மனையில் அவனுக்குள்ளது 'பிரிபடாத பாகம்'. "என் பங்கை அளந்து வேலி போடுங்கள்" என்று கேட்க முடியாது. வீட்டை விற்றால் பாகமும் உடன் போகும்.

சூது நுழைவது இந்தப் பாகத்தில்தான். 12 சென்ட் மனை, ஒரே அளவில் 8 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒன்றரை சென்ட் எழுத வேண்டும். கட்டி விற்கும் முதலாளி ஒரு சென்ட் மட்டும் எழுதித் தருகிறார். வாங்குவோர் சமையலறை மேடையைத் தட்டிப் பார்க்கின்றனர், குழாயைத் திருகிப் பார்க்கின்றனர். பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பார்ப்பதில்லை. மிச்சம் 4 சென்ட் யாரிடம்? முதலாளியிடம்! நாளை அவர் மொட்டை மாடிக்கு உரிமை பேசுவார். இன்னொரு மாடி எழுப்பவும் வருவார்.

கேட்பதற்குச் சட்டமில்லையா? உண்டு. 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், மொட்டை மாடியையும் திறந்தவெளி வண்டி நிறுத்துமிடத்தையும் பொது இடம் என்றே வரையறுக்கிறது. 'ஸ்டில்ட்' தளத்து நிறுத்துமிடத்தைத் தனியே விற்கக்கூடாதென்று, பம்பாய் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2010-லேயே தீர்ப்பளித்தது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையோ, 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ மத்தியச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதில்லை. நாம் சொன்ன 12 சென்ட் மனை 500 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது! சிறு நகரங்களில் எழும் கட்டடங்கள் பல இந்த அளவினவே.

ஆகவே மாநிலச் சட்டமே இவர்களுக்குத் துணை. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 6 வீடு, 8 வீடு உள்ள கட்டடமும் இதன் வரம்புக்குள் வரும். உரிமையாளர் சங்கம் அமைப்பது இனி விருப்பமல்ல, கடமை. பாகத்துக்கொரு கிரயம், கட்டுமானத்துக்கொரு ஒப்பந்தம் என்ற பழைய பதிவு முறையை மாற்றி, இரண்டையும் ஒரே கிரயமாகப் பதியும் ஏற்பாட்டைப் பதிவுத் துறை 2023 டிசம்பரில் கொண்டுவந்தது. இதுவும் நல்லதே.

புதுச் சட்டத்தில் சர்ச்சைக்குரியது வேறொன்று. பாழான கட்டடத்தை இடித்துக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றது. வளவு வீடுகளின் கதைதான்! ஆதலால் இம்மாற்றத்தை வரவேற்கிறோம். எனினும், எட்டுப் பேரில் அறுவர் சம்மதித்தால், மற்ற இருவர் யார்? ஓய்வூதியத்தில் வாழும் முதியவராக இருக்கலாம். கடன் தவணை தீராத குமாஸ்தாவாக இருக்கலாம். இடித்துக் கட்டும் காலத்தில் அவர்களுக்கு வாடகை யார் தருவது? புதுக் கட்டடத்தில் எத்தனை சதுர அடி? பாகம் குறையுமா, குறையாதா? கடப்பாரை விழுமுன் இம்மூன்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அதுவரை அந்த அறுவரும் கையெழுத்திடாதிருக்கட்டும்.