சிமெண்ட் சம்சாரம்

போன ஞாயிறு குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனோம். முதல் ஓட்டலில் ஈ, காக்கா இல்லை. ஃபேன் சுற்றுகிறது, டேபிள் பளபளக்கிறது, கல்லாவில் முதலாளி எங்களையே ஏக்கமாகப் பார்க்கிறார்.

"வேணாங்க, கூட்டமே இல்லை. சாம்பார் எந்தக் காலத்துதோ!" என்றாள் சகதர்மிணி. எதிர் ஓட்டலில் முக்கால் மணி நேரம் நின்று இடம் பிடித்தோம்.

கடற்பறவைகளும் என் மனைவி கட்சிதான் ஸார். காலித் தீவு என்றால் லேசில் இறங்காது. நாலு பேர் குடித்தனம் இருந்தால்தான், 'சரி, எலி, பூனை தொல்லை இல்லை' என்று நம்பி முட்டையிடும்.

அமெரிக்காவில், மெய்ன் மாநிலக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்று ஒரு பாறைத் தீவு. அங்கிருந்த பஃபின் பறவைகளைக் கறிக்கும் இறகுக்குமாக 19-ம் நூற்றாண்டிலேயே தீர்த்துக் கட்டிவிட்டார்கள். ஸ்டீஃபன் க்ரெஸ் என்பவர் 1973-ல் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார். வளை தோண்டிக் குடிவைத்து, மீன் கொடுத்து வளர்த்தார். பெரிதானதும் அவை டாட்டாகூடச் சொல்லாமல் கடலுக்குப் போய்விட்டன. திரும்பி வந்தால் தைரியமாக இறங்கட்டும் என்று பாறை மேல் மரப் பொம்மைகளை நிறுத்தினார். முதல் கூடு 1981-ல்தான்! எட்டு வருஷம் வரவே இல்லாத செலவு. நான் பி.காம்.; என்னிடம் கணக்கைக் காட்டியிருந்தால் இரண்டாம் வருஷமே கடையை மூடச் சொல்லியிருப்பேன். அங்கே பிற்பாடு 150 ஜோடிக்கு மேல் கூடு கட்டின.

அதே வித்தையை நியூசிலாந்தின் மானா தீவிலும் செய்தார்கள். பாறை விளிம்பில் 80 சிமெண்ட் கானெட் பறவைகள், பெயின்ட், ஸ்பீக்கரில் பறவைக் கூச்சல். வருஷக்கணக்கில் காத்திருந்து, வந்து தங்கியது ஒன்றே ஒன்று. நைஜல் என்று பெயர் வைத்தார்கள். அவரோ ஒரு சிமெண்ட் அம்மாளிடம் மனசைப் பறிகொடுத்தார். கடற்பாசி, மண், குச்சி எல்லாம் சுமந்து கூடு கட்டினார். அலகால் இறகைக் கோதிவிட்டார். (இறகு ஏது? பெயின்ட்!)

"எதிர்த்தே பேசாத பெண்டாட்டி. கொடுத்துவெச்சவன்" என்றேன்.

"கேட்டா பதிலே சொல்லாத புருஷனோட நானும்தான் பத்து வருஷமா இருக்கேன்."

2017 கடைசியில் ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தார்கள். நிஜ கானெட்கள் மூன்று வந்து இறங்கின. நைஜல் அவற்றோடு ஒட்டவில்லை. 2018 ஜனவரியில் சிமெண்ட் அம்மாள் பக்கத்திலேயே இறந்துகிடந்தார்.

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "வர்ற ஞாயிறு அந்த முதல் ஓட்டலுக்கே போலாங்க. நாம உக்காந்திருந்தா இன்னும் நாலு பேர் வருவாங்க."