சுண்ணாம்பு எங்க மண்ணுல, ஒழுகல் எங்க வூட்டுல

"உங்களுக்குத்தான் காங்கிரீட்டு வூடு கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் என்னய்யா வேணும்?"

இந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர்த்தெரு டீக்கடையில் இதே கேள்வி. அலுவலக மேசைக்குப் பின்னாலும் இதே கேள்வி. மார்க்சும் பெரியாரும் பேசுகிற படித்த நண்பர்கள் வாயில் கொஞ்சம் நாகரிகமாக இதே கேள்வி. சேரிக்காரனுக்கு அரசாங்கம் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டது என்கிற பொய் நாற்பது வருசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்யின் கூரைமேல் ஏறி நின்று கொஞ்சம் தட்டிப் பார்ப்போம், எப்படிச் சத்தம் வருகிறது என்று.

முதலில் கணக்கு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீடு கட்டுவதற்கென்றே 1974இல் ஒரு கழகம் தொடங்கினார்கள். அதுதான் தாட்கோ. பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. 1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும். 1993-94இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 20,000 ரூபாய். 2004இல் 25,000. 2008இல் 35,000. 2010இல் 45,000. 2013இல் 70,000. வீட்டின் அளவு குறைந்தது 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. பண்ணையாருடைய மாட்டுக்கொட்டகையை ஒருமுறை காலடி வைத்து அளந்து பாருங்கள் தோழர்களே, எது பெருசு என்று தெரியும்.

பிறகு 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்றது, முதலமைச்சரின் பசுமை வீடு வந்தது. 2016இல் பிரதமர் பெயரில் ஆவாஸ் யோஜனா. 2024இல் கலைஞரின் கனவு இல்லம். ஆட்சி மாறினால் பேரு மாறும், சுவத்துல இருக்கிற படம் மாறும். மேலே இருக்கிற கூரை மட்டும் மாறாது.

அந்தக் கூரை என்ன? நாலு அங்குல கான்கிரீட் தளம். அவ்வளவுதான். கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் மாடி வீடு கட்டுகிறவர் தளம் போட்டதோடு விடமாட்டார். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள் கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் தட்டோடு பதித்து, தண்ணீர் வடிய வாட்டம் வைப்பார். அதுதான் வெயிலையும் மழையையும் தாங்கும் காப்பு. தொகுப்பு வீட்டில் இது கிடையாது. எங்கள் தெருவில் உள்ள எந்தத் தொகுப்பு வீட்டுக் கூரைமேலும் ஒரு தட்டோடு கிடையாது. சூரியனுக்கும் எங்கள் தலைக்கும் நடுவே நாலு அங்குலம், அதுவும் ஒப்பந்தக்காரர் திருடாமல் விட்டிருந்தால். பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும், ஒப்பந்தக்காரர் கூடாது என்று இந்திரா குடியிருப்பின் விதி சொன்னது. எங்கள் தெருவில் கட்டியவர் யார் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து மெட்ராசுக்குப் பஸ் ஏறுகிற கூட்டத்தைப் பாருங்கள். பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். குன்னம், செந்துறை, ஆண்டிமடம், வேப்பூர்க் காலனிகளின் ஆண்களும் பெண்களும் அங்கே அடுக்குமாடிகளின் உச்சியில் நின்று யார் யார் வீட்டுக்கோ வெயில் தடுக்கும் வெள்ளை ஓடு பதிக்கிறார்கள். நானும் ஆறு வருசம் பதித்தவன். அடுத்தவன் வீடு குளிர எங்கள் முதுகு வெந்தது. ஊருக்குத் திரும்பினால் எங்கள் வீட்டுக்குள்ளும் வேகிறோம். இந்தத் தொழில்நுட்பம் எங்கள் கைக்குத் தெரியும். எங்கள் கூரைக்கு மட்டும் அனுமதி இல்லை.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் அந்தத் தளம் சூட்டைக் குடிக்கும். ராத்திரி முழுக்க உள்ளே கக்கும். ஒரு கதவு, இரண்டு சிறு சன்னல், எதிரும் புதிருமாகக் காற்று ஓட வழியில்லை. கூரை வீட்டில் இருந்தபோது மழைக்குப் பயம், நெருப்புக்குப் பயம். ஆனால் பனையோலையும் கரும்புத் தோகையும் வெயிலைத் தடுத்தன. ஓலையை எடுத்துவிட்டு வெறும் தளத்தைக் கொடுத்தார்கள். ஆம்பளைங்க துண்டை ஒதறித் தெருவுல போட்டுப் படுத்துக்கலாம். வயசுப் பொண்ணு எங்க படுப்பா? புள்ளத்தாச்சி எங்க படுப்பா? "வெளியே படுத்தா பாம்பு, உள்ளே படுத்தா அடுப்பு" என்று எங்கள் சின்னாத்தா சொல்லும்.

பசுமை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 300 சதுர அடி, தொடக்கத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. கூரையில் தகடு வைத்துச் சூரியனைப் பிடித்து ஐந்து விளக்கு எரிய வைத்தார்கள். நல்லதுதான். அந்தத் தகட்டுக்குக் கீழே அதே சூரியன் எங்களைப் பிடித்து வாட்டியது அவர்கள் கணக்கில் வரவில்லை. எங்கள் பக்கம் பல வீடுகளில் பேட்டரி செத்து வருசக் கணக்காகிறது. வெயில் சாகவில்லை.

சரி, வெயிலை விடுங்கள். மழை? தளத்தில் தண்ணீர் தேங்கும், உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்து ஊதும், காரை பெயரும். எங்கள் சின்னாத்தாவின் வீட்டில் ஒரு ஐப்பசி மழையில் தூங்குகிறபோது தளத்துக் காரை பொத்தென்று விழுந்தது. தோள்பட்டையில் அடி. மருந்து கட்டிக்கொண்டு மனுவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனது. கூடப் போனவன் நான். உள்ளே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, உன் பேர்ல 1989லயே வூடு குடுத்தாச்சுன்னு இருக்குதே" என்றார். சின்னாத்தா நிதானமாகச் சொன்னது: "குடுத்தீங்க சார். அதுதான் இப்ப என் மேல வுழுந்துடுச்சு."

அவர் சிரித்தார். மனு போன இடம் தெரியவில்லை.

இது ஒரு ஆளின் கெட்ட குணம் இல்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை வைத்துத்தான் பிரதமர் திட்டத்துக்குப் பட்டியல் போட்டார்கள். கூரை என்ன, சுவர் என்ன என்று எழுதினார்கள். கான்கிரீட் என்றால் அது 'பக்கா வீடு'. பக்கா வீடு உள்ளவனுக்குத் திட்டம் கிடையாது. கம்பி தெரிகிறதா, வானம் தெரிகிறதா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. கனவு இல்லமும் குடிசைக்காரருக்குத்தான். ஆக, இருபது முப்பது வருசம் முன்னால் அரை வீடு வாங்கியவன் இன்று குடிசைக்காரனும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. அரசாங்கம் ஒருமுறை ஏமாற்றியது, அந்த ஏமாற்றையே சான்றிதழாகக் காட்டி இரண்டாம் முறையும் ஏமாற்றியது.

2024இல்தான் கொஞ்சம் கண் திறந்தார்கள். 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளை 2,000 கோடியில் பழுது பார்க்கிறோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் சரிசெய்யவே முடியாத வீடுகளில் 25,000ஐ 600 கோடியில் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். இல்லை என்று சொல்லவில்லை, வரவேற்கிறோம். ஆனால் வகுத்துப் பாருங்கள். பழுது பார்க்கச் சராசரி 80,000. புதிதாகக் கட்ட 2 லட்சத்து 40 ஆயிரம். அந்தப் பணத்தில் மறுபடியும் அதே நாலு அங்குலத் தளம், அதே இரண்டு சன்னல் என்றால் 2050இல் எங்கள் பேரப்பிள்ளைகள் இதே மனுவை எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கும் போடுவோம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அதே வருசம் கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம். உயிரோடு இருக்க மூன்றரை, செத்தால் நாலு. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டுமா?

பணம் இல்லை என்பார்கள். எங்கள் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், இருக்கிறதா இல்லையா என்று. ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூர். 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. சுற்றிலும் பெரிய தனியார் ஆலைகள். புழுதி பறக்க லாரிகள் போகின்றன. நாட்டுக்கே வீடு கட்டுகிற சிமெண்ட் எங்கள் காலடியிலிருந்து போகிறது. தளத்தைக் குளிர வைக்கிற சுண்ணாம்பும் இதே மண்தான். சுண்ணாம்பு எங்க மண்ணுல, ஒழுகல் எங்க வூட்டுல. 2015இல் திருத்திய சுரங்கச் சட்டப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு ஆலைகள் பணம் கட்ட வேண்டும். பழைய குத்தகை என்றால் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையில் 30 விழுக்காடு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான பணம் அது. அதில் எத்தனை ரூபாய் சேரிக் கூரைமேல் ஏறியது என்று ஊராட்சிவாரியாகக் கணக்கை வையுங்கள்.

சலுகை சலுகை என்கிறார்களே, சிமெண்ட் மூட்டைக்கு 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 28 விழுக்காடு சரக்கு சேவை வரி போட்டார்கள், பிறகு 18 ஆக்கினார்கள். தவணை வருவதற்குள் அஸ்திவாரத்துக்கும் லிண்டலுக்கும் கந்துவட்டி வாங்கிக் கட்டுகிற எங்கள் சனம் அந்த வரியையும் சேர்த்தே கட்டியது. யாரு வூட்டுக் காசை யாருக்குக் குடுத்தீங்க?

உலகத்தில் நடக்காததைக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் குளிர்தான் எதிரி. அங்கே சொந்த வீட்டுக்காரர்களுக்கே சுவருக்கும் கூரைக்கும் கதகதப்புக் காப்பு போட அரசுத் திட்டங்கள். பழைய பாய்லரை எடுத்துவிட்டு வேறு வெப்பக் கருவி வைக்க 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்ட் மானியம். அங்கேயும் திருட்டு உண்டு. ஒரு திட்டத்தில் வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் பெரிய குறை இருக்கிறது என்று 2025இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஆனால் போட்டவனே அவன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று அரசு சொன்னது. இங்கே எங்கள் தொகுப்பு வீட்டைக் கட்டிய எவனையாவது கூப்பிட்டு, வந்து சரிபண்ணு என்று சொன்னதுண்டா?

அவ்வளவு தூரம் வேண்டாம். ஆமதாபாத்தில் 2017இல் குடிசைப்பகுதிகளில் குறைந்தது 3,000 வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளைக் கூரை உள்சூட்டை 2 முதல் 5 டிகிரி வரை குறைக்கும் என்கிறார்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லாத அரியலூரில் ஒரு வாளி சுண்ணாம்புக்கு என்ன தடை?

தடை சாதிதான். பெரம்பலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 31 பேர் தாழ்த்தப்பட்டோர். இவ்வளவு பேர் இருந்தும் வீடு என்பது எங்களுக்கு ஊருக்கு வெளியே, பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்தில். அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் தனிக் குடியேற்றங்கள் கேட்டார். அதற்கென்று ஆணையமும் கேட்டார். தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைக் கொடுக்கச் சொன்னார். நிலத்தோடு கூடிய வாழ்க்கை அது. இவர்கள் கொடுத்ததோ நிலம் இல்லாத காலனி. சேரியைக் கான்கிரீட்டில் வார்த்துக் கெட்டிப்படுத்தியதைத் தவிர வேறென்ன நடந்தது?

ஆகவே பிச்சை கேட்கவில்லை, பட்டியல் போடுகிறோம். ஒழுகும் கான்கிரீட்டைப் 'பக்கா' என்று எழுதுவதை நிறுத்து. 2001க்கு முன் கட்டிய வீடு ஒவ்வொன்றையும் தெருவில் வந்து, கிராம சபை முன்னால் வைத்துச் சோதனை செய். இனிப் போடும் ஒவ்வொரு தளத்துக்கும் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் மதிப்பீட்டிலேயே சேர். எதிரெதிர்ச் சன்னல் வை. பட்டாவைப் பெண் பெயரில் கொடு. கட்டுகிற வேலையை எங்கள் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடு. அவர்களுக்குத்தான் வேலை தெரியும். பத்து வருசத்துக்குள் பெயர்ந்தால் கட்டியவனிடம் வசூல் பண்ணு. கனிம அறக்கட்டளைப் பணத்தைக் காலனிக் கூரைக்குத் திருப்பு.

சேரி இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அவரவர் வீட்டுத் தளத்திலிருந்து பெயர்ந்த காரையை ஒரு கை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். "இன்னும் என்னய்யா வேணும்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். "நீ கட்டுனது இது. இதுக்குப் பேரு வூடுன்னா, இதுக்குக் கீழ நீ வந்து ஒரு ராத்திரி படு" என்று சொல்லுங்கள்.