விரலுக்குத் தகுந்த ரம்பம்!

கள்ளக்குறிச்சி என்றதும் பலருக்கும் கரும்பும் சர்க்கரை ஆலையும்தான் நினைவுக்கு வரும். விவரம் தெரிந்தவர்களுக்கு மரச்சிற்பமும் நினைவுக்கு வரும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் சாமி உருவங்கள், வாகனங்கள், கதவுப் பலகைகள் என்று தலைமுறை தலைமுறையாகச் செதுக்குகிறார்கள். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் தொழிலில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. முன்பக்கம் ஒரு தாழ்வாரம், அல்லது வீட்டை ஒட்டி ஒரு ஷெட். உளியும் கொட்டாப்புளியும் அங்கேதான். இப்போது அந்த வீட்டுப் பட்டறைகளில் ஒரு புதிய கேள்வி எழுகிறது. மரம் அறுக்க ஒரு நல்ல மிஷின் வாங்கலாமா? வாங்கினால் எது? செல்போனைத் திறந்தால் நகரும் மேஜை வைத்த பெரிய பெரிய ரம்பங்கள் பளபளவென்று ஓடுகின்றன. நம் ஊர்க் கடைகளில் இதைத்தான் 'பேனல் சா' என்கிறார்கள். பணத்துக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) மானியமும் உண்டு. கடன் கிடைக்கிறதே என்று பெரிதாக வாங்கிவிடும் ஆசை யாருக்கும் வருவது இயல்புதானே!

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரவுக்கு ஏற்ற செலவு என்று அதற்குப் பொருள். ரம்பம் வாங்குகிறவர் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். மிஷினைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் அளவுகோல் குதிரைசக்தி அல்ல, விரல்!

எதற்காகப் பிறந்த மிஷின்?

1906-ல் ஜெர்மனியின் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்பவர் இந்த வகை ரம்பத்தை உருவாக்கினார். அகலமான பலகையைக் கையால் தள்ளி நேராக அறுப்பது கடினம். அதனால் பலகையை ஒரு மேஜைமேல் வைத்து, மேஜையையே பிளேடுக்குப் பக்கவாட்டில் நகர்த்தலாம் என்பதே அவருடைய யோசனை. இன்றைய பெரிய பேனல் சாவின் மேஜை சுமார் 3.2 மீட்டர் ஓடும். 8-க்கு 4 அடி பிளைவுட்டை ஒரே ஓட்டத்தில் அறுக்கத்தான் அந்த நீளம். பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு சின்ன பிளேடும் இருக்கும். மைக்கா ஒட்டிய பலகையின் ஓரம் சிதறாமல் கோடு போடுவது அதன் வேலை.

சாமி உருவம் செதுக்குகிறவர் 8 அடி பிளைவுட் அறுக்கப் போவதில்லை. வாகை, தேக்கு, வேம்பு போன்ற முழு மரம்தான் அவர் கைக்கு வருகிறது. சின்ன பிளேடால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. வளைவு அறுக்க இந்த மிஷின் உதவாது, அதற்கு பேண்ட் சா வேண்டும். 10 அங்குல பிளேடு சுமார் 3 அங்குல ஆழம்தான் அறுக்கும். அதற்கு மேல் கனமான கட்டை என்றால் சா மில்லுக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் நகரும் மேஜையே வேண்டாமா? வேண்டும்! காரணம்தான் வேறு.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது?

சா மில்லிலிருந்து வரும் பலகையின் ஓரம் கோணலாக இருக்கும். சாதாரண டேபிள் சாவில் அந்தக் கோணல் ஓரத்தைத் தடுப்புச் சட்டத்தோடு ஒட்டித் தள்ளினால், பலகை சற்றே திரும்பி பிளேடின் பின்பக்கப் பல்லில் மாட்டும். முழு மரத்துக்குள் ஏற்கெனவே இறுக்கம் இருக்கும். அறுக்க அறுக்க இரண்டு பாதியும் உள்நோக்கி வளைந்து பிளேடைக் கவ்வுவதும் உண்டு. 300 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சேலம் சாலையில் ஓடும் பேருந்தைப்போல மூன்று மடங்கு வேகம்! அந்தப் பல்லில் மாட்டிய மரம் தள்ளுகிறவரை நோக்கித்தான் பாயும். மரம் நழுவிய இடத்துக்குக் கை போய்விடும்.

நகரும் மேஜையில் கோணல் பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். மேஜை நேராக ஓடுவதால் ஓரமும் நேராக அறுபடும். கை பிளேடு பக்கமே போக வேண்டியதில்லை. ஆளும் பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் விலகி நிற்கலாம். சிற்பப் பட்டறைக்கு இந்த மிஷின் தரும் உண்மையான லாபம் இதுதான்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 30,000 பேர் டேபிள் சா காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. மற்ற வேலை செய்பவருக்கு ஒரு விரல் போனால் அது பெரிய இழப்பு. சிற்பிக்கோ உளியைப் பிடிக்கும் பிடியே போய்விடும். தொழிலே நின்றுவிடும்.

"பலகை மேஜையே போதாதா?"

கையில் பிடிக்கும் சர்குலர் சாவைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பலகையில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டால் சில ஆயிரத்தில் வேலை முடிந்தது என்பார்கள் சிலர். செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதில் பிளேடுக்கு மூடி இருக்காது. பிளேடின் பின்னால் நின்று, அறுத்த மரம் கவ்வாமல் பிரித்து வைக்கும் தகடும் இருக்காது. 'ரிவிங் நைஃப்' எனப்படும் அந்தத் தகடு ஓர் இரும்புத் துண்டுதான். ஆனால் மேலே சொன்ன கவ்வலைத் தடுப்பதே அதுதான். அந்தத் தகடு இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது.

மறுபக்கம், "பெரிய பேனல் சா வாங்கினால் மாடுலர் கிச்சன் வேலையும் எடுக்கலாமே" என்பார்கள். நியாயமான பேச்சு. பிளைவுட் வேலைதான் பிழைப்பு என்றால் பெரிய மிஷினே சரி. ஆனால் 3.2 மீட்டர் மேஜை முன்னும் பின்னும் ஓட ஏறக்குறைய 7 மீட்டர் நீளம் வேண்டும். பெரும்பாலும் மும்முனை மின்சாரமும் கேட்கும். தாழ்வாரத்தில் அதை வைத்தால் பாதி ஓட்டத்தில் சுவரில் இடிக்கும். வருமா வராதா என்று தெரியாத பிளைவுட் வேலையை நம்பிக் கடனைக் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் பட்டறை வைப்பவர் இன்னும் யோசிக்க வேண்டும். கனமான வார்ப்பிரும்பு மிஷினை மலைப்பாதையில் ஏற்றுவது ஒரு செலவு. பழுது பார்க்க ஆளை மேலே வரவழைப்பது இன்னொரு செலவு.

எதை வாங்கலாம்?

வீட்டுச் சிற்பப் பட்டறைக்கு 1.2 முதல் 1.6 மீட்டர் வரை ஓடும் சின்ன நகரும் மேஜை போதும். 5 அடிக்கு உட்பட்ட பலகைகளுக்கு அது சரியாக இருக்கும். 7 அடி நிலைச்சட்டத்தை சா மில்லிலேயே நேராக்கி வாங்கிக்கொள்ளலாம். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் 3 குதிரைசக்தி மோட்டார் போதுமானது. ஆனால் வீட்டு இணைப்பில் தொழில் மிஷினை ஓட்டக்கூடாது, அதற்கான இணைப்பை முறையாக வாங்கிவிட வேண்டும்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை இவை...

ரிவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? அதன் கனம் பிளேடு தகட்டைவிட அதிகமாகவும், அறுக்கும் இடைவெளியைவிடக் குறைவாகவும் இருக்கிறதா? அவசர நிறுத்தப் பொத்தான் முழங்காலாலோ தொடையாலோ தட்டும் இடத்தில் இருக்கிறதா? மேஜையை ஒரே விரலால் தள்ளினால் ஆட்டமில்லாமல் ஓடுகிறதா? ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டி மீண்டும் ஒட்டி வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கோணம் தவறு என்று பொருள்.

நீளவாட்டில் அறுக்க 24 பல் பிளேடு, குறுக்கே அறுக்க 60 பல் பிளேடு என்று இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பிளேடால் எல்லாம் அறுத்தால் மரமும் கருகும், தள்ளும் விசையும் கூடும், ஆபத்தும் கூடும்.

தூசியையும் மறக்கக்கூடாது. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தைகள் உறங்கும் வீட்டில்தான் இந்த மிஷின் ஓடப்போகிறது. தூசி உறிஞ்சும் கருவிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். மிஷினில் மிச்சம் பிடித்தாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

புவிசார் குறியீடு கிடைத்தது கையால் செதுக்கும் கலைக்கு. ரம்பம் அந்தக் கைக்கு வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மிஷின் பழுதானால் உதிரிபாகம் வாங்கலாம். விரலுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது!