கேட்பவருக்கு அது யார் பெயரைச் சொல்லும்?



ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: “வெளியூர்க்காரர்கள் கைப்பேசியில் ஏதோ ஒன்றிடம் கேட்டுவிட்டு, அது சொல்லும் இரண்டு மூன்று கடைகளுக்கே செல்கிறார்கள். எங்கள் கடை அப்பா காலத்தது. அதன் பெயர் அந்த விடையில் வருவதே இல்லை. வரச் செய்கிறேன் என்று ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?”

இம்மாதப் பக்கத்தை இக்கேள்விக்கே ஒதுக்குகிறேன். இது ஒரு கடையின் கவலை மட்டுமன்று.

பேருந்தை விட்டிறங்கித் தெருவில் நடக்கும் பயணியின் கண்ணில் வரிசையாகப் பத்துப் பெயர்ப்பலகைகள் படும். ஒரு கடையில் சிறிது வாங்கிச் சுவைப்பார். மனம் ஒப்பவில்லையெனில் அடுத்த கடைக்குச் செல்வார். பத்தாவது கடைக்காரருக்கும் அதில் ஒரு வாய்ப்பு இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. பின்னர் ஜெமினி முதலியன வந்தன. செயற்கை நுண்ணறிவு கொண்டு உரையாடும் இவ்வியந்திரங்கள் கேட்டவருக்குச் சில பெயர்களை மட்டும் நயமாக எடுத்துரைக்கின்றன. கூகுளும் 2024 முதல் இந்தியாவில், தேடுவோருக்குப் பட்டியலின் மேலே இயந்திரம் தொகுத்த விடையைக் காட்டி வருகிறது. எஞ்சிய கடைகள் இவ்விடைகளில் பின்வரிசைக்குத் தள்ளப்படுவதில்லை; பேச்சிலேயே இடம்பெறுவதில்லை. அந்தக் கடையை நம்பி அடுப்படியில் நிற்பவர், பால் ஊற்றுபவர், அட்டைப்பெட்டி மடிக்கும் பெண் ஆகியோரின் கூலியும் இதில் அடங்கியிருக்கிறது.

அவ்வியந்திரத்துக்கு நாக்கு இல்லை. பால் சுண்டும் மணத்தை அது அறியாது. அது அறிவதெல்லாம் எழுத்து மட்டுமே. அவ்வெழுத்து அதற்கு இரு வழிகளில் கிட்டுகிறது. பயிற்றுவிக்கப்பட்ட காலத்தில் அது படித்து முடித்த எண்ணற்ற பக்கங்கள் ஒரு வழி. கேள்வி எழும் அந்நேரத்திலேயே இணையத்தில் தேடி எடுக்கும் சில பக்கங்கள் மற்றொரு வழி. முன்னதில் நாம் இனிக் கை வைக்க இயலாது. பின்னதில் இயலும். ஆனால் நம் கடைக்காரர் பலர் விலைப்பட்டியலைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தனி மடல். தேடும் இயந்திரத்தின் கண்ணுக்கு அது எட்டாது. வாய்மொழியாக மூன்று தலைமுறை வளர்ந்த நற்பெயரும் அவ்வாறே எட்டாது.

ஊர்ப்பெயரே போதாதா என்று சிலர் கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மையே. எனினும் அது ஊர்ப்பெயருக்கு அமைந்த வேலி. உள்ளே இருக்கும் தனிக் கடையை அது யாருக்கும் அடையாளம் காட்டாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்பொருளை முறையாகச் செய்வோர் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவர் அந்த விவரத்தை எழுதி வைப்பாராக. வேறு ஊரில் கிண்டிவிட்டு இவ்வூர்ப் பெயரை ஒட்டி விற்பவரால் எழுத முடியாத வரி அது.

ஊர்ப்பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர் என்று தமிழிலேயே இரண்டு வழக்கு. ஆங்கில எழுத்திலோ இன்னும் பல. ராஜபாளையம், இராஜபாளையம் என்பதும் அப்படியே. கடைப்பலகையில் ஒன்று, ரசீதில் ஒன்று, கூகுள் வரைபடத்தில் மற்றொன்று என்று கடைப்பெயரும் முகவரியும் மாறி மாறி இருப்பின், இயந்திரம் ஒரே கடையை மூன்று கடைகளாக எண்ணிவிடக்கூடும். ஆதலின் ஒன்றைத் தேர்ந்து எங்கும் அதையே எழுதுக. கூகுளில் கடையைப் பதிவு செய்து, திறக்கும் நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. இதற்கு இடைத்தரகரும் தேவையில்லை.

பிறகு எதை எழுதுவது? ‘சுவையில் நிகரற்றது’, ‘தரத்தில் முதலிடம்’ என்னும் சொற்களை எல்லாரும் எழுதுகிறார்கள். அவற்றால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. பசும்பாலா, எவ்வூர்ப் பால், விறகடுப்பா, காலையில் எப்போது அடுப்பேற்றுகிறீர்கள், எத்தனை நாள் கெடாதிருக்கும், சர்க்கரை குறைத்துச் செய்து தருவீர்களா, கூரியரில் அனுப்புவீர்களா, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் என்ன: இவையே கேட்பவர் கேட்கும் கேள்விகள். விடை எழுதியிருக்கும் கடையைத்தான் இயந்திரம் எடுத்துக்காட்ட இயலும்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இது இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. அங்கே விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் காயங்களைக் கட்டுகிறது. தொலைதூர மருத்துவமனையில் கொள்முதல் செய்பவர் ‘நல்ல துணி எங்கே கிடைக்கும்?’ என்று கேட்பதில்லை. இத்தனை அகலம், அங்குலத்துக்கு இத்தனை இழை, வெளுத்ததா வெளுக்காததா, குறைந்த அளவு எவ்வளவு அனுப்புவீர்கள் என்றே கேட்கிறார். சிறு தறிக்காரர் இவ்விவரங்களை விரல் நுனியில் வைத்திருக்கிறார். எங்கும் எழுதி வைத்ததில்லை. ராஜபாளையம் நாயைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பவர்கள் ஏராளம். அந்த நாய்க்குக் கிடைத்த எழுத்தில் ஒரு பங்காவது தறிக்கும் கிடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு!

இவ்வறிவுரைக்கு ஆதாரம் உண்டா? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டில்லி ஐ.ஐ.டி. முதலியவற்றின் ஆய்வாளர்கள் 2023-இல் இதனை 10,000 கேள்விகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய தந்திரம் பயன் தரவில்லை. எண்களும் மேற்கோள்களும் ஆதாரம் காட்டும் வரிகளும் சேர்த்த பக்கங்கள் இயந்திரத்தின் விடையில் 40 விழுக்காடு வரை கூடுதலாக இடம்பெற்றன. தேடல் பட்டியலில் 5-ஆம் இடத்தில் இருந்த தளங்களுக்கு, ஆதாரம் காட்டியதால் மட்டும் அந்த இடம் இருமடங்குக்கும் மேலாயிற்று. பின்தங்கியவர்க்கே மிகுந்த நன்மை என்பது சிறு வணிகர் கவனிக்க வேண்டிய செய்தி.

இனி, பணம் கேட்பவரைப் பற்றி. இயந்திரத்தின் விடை கேட்பவருக்குக் கேட்பவர், நாளுக்கு நாள் மாறும். அதில் முதலிடம் வாங்கித் தருவேன் என்று உறுதி கூற எந்த இடைத்தரகராலும் இயலாது. அவ்வாறு உறுதி கூறுபவருக்குக் கொடுக்க வேண்டாம். அத்தகையோர் பெரும்பாலும் கையாளும் வழி, வராத வாடிக்கையாளரின் பெயரில் புகழுரை எழுதுவது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தர விதியை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய பாராட்டை அது ஏற்பதில்லை. நமக்கோ பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை அதற்கு முன்பே உண்டு. அயலான் கடையைத் தாழ்த்தி எழுதச் செய்வதும் அக்கட்டளைக்குள் அடங்கியதே. மாறாக, வாங்கிச் சென்றவரிடம் “உண்மையில் பிடித்திருந்தால், என்ன வாங்கினீர்கள் என்று குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள்” என்று கேட்பதில் தவறில்லை.

திருச்சபை இப்பொருளில் மௌனமாக இருக்கவில்லை. திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 மே 10 அன்று கர்தினால்மாரிடம் பேசியபோது, தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதன் காரணத்தை விளக்கினார். தொழிற்புரட்சியின் நடுவில் 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களை எழுப்புகிறது என்றார். உரோமையில் பேசப்பட்ட அந்த உழைப்பு நம் பக்கத்தில் பால்கோவா அடுப்பாகவும் தறியாகவும் இருக்கிறது.

எழுதத் தெரியாத, ஆங்கிலம் அறியாத முதிய கடைக்காரர் என்ன செய்வார்? ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கு இளைஞர் இருவர், கைப்பேசியோடு ஒரு கடைக்குச் சென்று ஒரு மணி நேரம் அமரட்டும். அவர் சொல்வதைக் கேட்டு எழுதட்டும். தம் கற்பனையைச் சேர்க்காதிருக்கட்டும். பின்னர் இயந்திரத்திடமே அக்கடையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கைந்து விதமாகக் கேட்டுப் பார்க்கட்டும். அது தவறாகச் சொல்வதும் உண்டு: மூடிய கடையைத் திறந்திருப்பதாகச் சொல்லும், இல்லாத கிளையைக் காட்டும். அப்போது அதனோடு வாதாடிப் பயனில்லை. அத்தவறு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடி அங்கே திருத்த வேண்டும். விலை மாறும்போதும், விழாக்காலத்தில் நேரம் மாறும்போதும் பதிவையும் மாற்ற வேண்டும். எனவே ஒருமுறை சென்ற இளைஞரே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கடைக்குச் செல்வது நலம். கடைக்காரர் ஆளுக்கு ஒரு துண்டு பால்கோவா கொடுத்தால் மறுக்க வேண்டாம்.