மூன்றாவது நிமிடத்திலேயே மட்ச் முடிஞ்சுதா?

"அந்தப் பிழையோட மட்ச் முடிஞ்சுது." உதைபந்தாட்டம் பார்க்கிற ஆக்களிட்ட அடிக்கடி கேட்கிற வசனம் இது. பிழை முதல் அஞ்சு நிமிடத்துக்குள்ள நடந்திருந்தால் இன்னும் வசதி. மிச்ச எண்பத்தைந்து நிமிடத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஒரு ஆளின்ர பேரைச் சொன்னால் காணும்.

எங்களுக்கு இந்த வசனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அது முழுப்பொய்யும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகக் கதைக்க வேண்டிக் கிடக்கு.

2018 உலகக் கிண்ணத்தில் ஜூன் 19ஆம் திகதி, ரஷ்யாவின் சரன்ஸ்க் நகரில் கொலம்பியாவும் ஜப்பானும் மோதின. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒசாக்கோ அடித்த பந்தைக் கோல்காப்பாளர் ஒஸ்பினா தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தைக் ககாவா கோலை நோக்கி அடிக்க, கொலம்பியாவின் கார்லோஸ் சான்செஸ் கையை நீட்டி மறித்தார். பெனால்ட்டியும் சிவப்பு அட்டையும் ஒன்றாக வந்தன. ககாவா பெனால்ட்டியைக் கோலாக்கினார். கடைசியில் ஜப்பான் 2, கொலம்பியா 1. உலகக் கிண்ணத்தில் ஓர் ஆசிய அணி தென்னமெரிக்க அணி ஒன்றைத் தோற்கடித்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா, மூண்டாவது நிமிசத்திலேயே முடிஞ்சுது" எண்டு சொல்ல இதைவிட நல்ல மட்ச் கிடைக்காது. ஆனால் ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ. 39ஆவது நிமிடத்தில் கின்டேரோ அடித்த ஃப்ரீ கிக், துள்ளி எழும்பின ஜப்பான் சுவருக்குக் கீழால போய்க் கோலாச்சு. 1-1. சான்செஸின் பிழை கொடுத்த கோலை இடைவேளைக்கு முந்தியே அவரின் அணி திருப்பி எடுத்தாச்சு. திருப்பி எடுக்க முடியாமல் போனது ஆளைத்தான். பத்துப் பேரோட ஓடி ஓடிக் களைச்ச பிறகு, 73ஆவது நிமிடத்தில் ஹொண்டாவின் கோர்னர் கிக்கை ஒசாக்கோ தலையால் முட்டினார். அதோட கதை சரி.

ஆகவே ஒரு பிழை இரண்டு விதமாகக் காசு கேட்கும். கோலாகக் கேட்டால் அடைக்க நேரம் இருக்கு. ஆளாகக் கேட்டால் கடைசி விசில் வரைக்கும் வட்டி கட்டவேண்டியதுதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் எல்லாரும் வாதாடுகிறார்கள்.

ஆள் போனாலும் தோல்வி நிச்சயம் இல்லை. 1986 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் உருகுவேயின் பட்டிஸ்டா, ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஒரு நிமிடம் முடியும் முதலே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர். அடுத்த சுற்றுக்குப் போக உருகுவேக்குச் சமநிலை போதும், ஸ்கொட்லாந்து வெல்லவேண்டும். உருகுவே பின்னுக்கு நின்று, நேரத்தைக் கடத்தி, பார்க்கவே எரிச்சலாய் விளையாடி 0-0 என்று முடித்தது. அழகான ஆட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆனால் பிழைக்குப் பிறகு என்ன செய்யவேணும் என்பதில் அந்த அணிக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1974 இறுதிப்போட்டி இன்னும் சுவாரசியம். மியூனிக்கில் நெதர்லாந்து பந்தைத் தொடக்கி, தங்களுக்குள்ளேயே மாறி மாறிக் கொடுத்து, குரூய்ஃப் ஓடிவர ஹோனெஸ் தடுக்கி விழுத்தினார். இரண்டாவது நிமிடத்தில் நீஸ்கென்ஸ் பெனால்ட்டியை அடித்தார். மேற்கு ஜேர்மனி வீரர் ஒருவர் முதன்முதலாகப் பந்தைத் தொட்டது, கோல்காப்பாளர் மையர் அதை வலைக்குள்ளிருந்து எடுத்தபோதுதான். இதைவிட மோசமாக ஓர் இறுதிப்போட்டியைத் தொடங்க ஏலாது. முடிவு? 25ஆவது நிமிடத்தில் பிரைட்னர், 43இல் கேர்ட் முல்லர், கிண்ணம் ஜேர்மனிக்கு. முந்திக் கிடைச்ச கோல், அதை வாங்கினவனை மட்டும் மாற்றுவதில்லை, போட்டவனையும் மாற்றுது. நெதர்லாந்து அதுக்குப் பிறகு இரண்டாவது கோலைத் தேடாமல் பந்தை வைச்சு வித்தை காட்டிக்கொண்டு நின்றது எண்டு அந்த மட்சைப் பற்றி இண்டைக்கும் கதைக்கினம்.

இப்ப 2014க்கு வருவம். பிரேசில் 1, ஜேர்மனி 7. முதல் கோல் 11ஆவது நிமிடத்தில், கோர்னர் கிக்குக்கு முல்லரை ஒருத்தரும் பிடிக்காமல் விட்டதால். அது பிழைதான். ஆனால் பிரேசிலை உடைச்சது அதுவா? அடுத்த கோல் 23இல்தான் வந்தது. நடுவில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் பின்கள வீரர்கள் தங்கட இடத்தை விட்டு முன்னுக்கு ஓடினார்கள், எல்லாருக்கும் உடனே ஒரு கோல் வேணும். பிறகு 23, 24, 26, 29. ஆறு நிமிடத்துக்குள் நாலு கோல். அதில் ஒன்று பெர்னான்டின்யோவின் காலிலிருந்தே குரோஸ் பந்தைப் பறிச்சுப் போட்டது. தடை காரணமாக அணித்தலைவர் தியாகோ சில்வா இல்லை, காயத்தால் நெய்மார் இல்லை, "அமைதியா நில்லுங்கோ" எண்டு சொல்ல ஆளும் இல்லை. முதல் பிழை ஒரு கோல்தான் எடுத்தது. பதற்றம் நாலு எடுத்தது.

எதிர்ப்பக்கம் கொண்டுவரக்கூடிய மட்ச் எது எண்டும் எங்களுக்குத் தெரியும். 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. அரை நிமிடத்துக்குள் டொட்டன்ஹாமின் சிசோக்கோவின் கையில் பந்து பட்டது, சலா பெனால்ட்டியை அடித்தார். அதுக்குப் பிறகு லிவர்பூல் பந்தை டொட்டன்ஹாமிட்டயே விட்டிட்டுக் காவல் காத்தது. 87இல் ஒரிகி இரண்டாவதைப் போட்டார். 2-0. அந்தக் கை ஆட்டத்தின்ர வடிவத்தையே மாற்றினது உண்மை, ஒத்துக்கொள்ளுறம். 2018 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்தது 169 கோல். ஒரு மட்சுக்கு மூன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட விளையாட்டில் ஒரு கோல் சின்ன விசயமில்லை. முதல் கோல் போட்ட அணிதான் கூடுதலாக வெல்லும் என்பதும் சரி, ஆனால் திறமான அணிக்குத்தான் முதல் கோல் போடுகிற வாய்ப்பும் கூட. டொட்டன்ஹாமுக்கு எண்பத்தெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. பந்தும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. ஒரு கோலும் வரவில்லை. அந்த வெறும் கணக்கையும் சிசோக்கோவின் கையிலயே எழுதுறது எப்படி நியாயம்?

இது சும்மா தேத்தண்ணிக் கடை வாதம் இல்லை. 1994 ஜூன் 22ஆம் திகதி அமெரிக்காவுக்கு எதிராக 35ஆவது நிமிடத்தில் கொலம்பியாவின் அந்திரேஸ் எஸ்கோபார் ஓன் கோல் போட்டார். அமெரிக்கா 2-1 என்று வென்றது. அதுக்கு முந்தின மட்சிலேயே கொலம்பியா ருமேனியாவிடம் 3-1 எனத் தோற்றிருந்தது, அந்த மூன்று கோலையும் இப்ப ஆரும் கதைக்கிறதில்லை. ஜூலை 2ஆம் திகதி மெடெயின் நகரில் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கொலைக்குக் காரணம் எது என்பதில் பல கதைகள் உண்டு. ஆனால் ஒரு முழு அணியின் தோல்வியை உலகம் அவரின் ஒற்றைக் காலில் கட்டிவிட்டது. இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகு சான்செஸுக்கும் சமூக வலைத்தளங்களில் கொலை மிரட்டல் வந்தது.

எங்கட ஊர்ப் போட்டிகளில் துவக்கு இல்லை, பட்டப்பேர் இருக்கு. பதினேழு வயதுப் பின்கள வீரன் ஒருத்தன் ஆரம்பத்தில் பந்தைத் தவறவிட்டால், பத்தாவது நிமிடத்தில் பயிற்சியாளர் அவனை வெளியில் எடுப்பார், கரையில் நிற்கிற பெரியாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வினம். இருபது, இருபத்தைந்து நிமிடப் பாதிகள் விளையாடுகிற போட்டியில் ஆரம்ப கோலின் பாரம் கூடத்தான், அதை மறுக்கேல்லை. ஆனால் அப்படி வெளியில் எடுக்கிறதால் மற்றப் பத்துப் பேருக்கும் கிடைக்கிற செய்தி என்ன? பிழை விட்டால் அடுத்தது நீ. அதுக்குப் பிறகு பந்து காலுக்கு வந்தால் எவன் நிதானமாய் நிற்பான்? எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வெளியில்தான் அடிப்பாங்கள்.

கொலம்பியாவின் பயிற்சியாளர் பேக்கர்மான் வேறை மாதிரிச் செய்தார். சான்செஸ் இல்லாமல் போலந்தை 3-0 என வென்ற கொலம்பியா, செனகலையும் வென்று பிரிவில் முதலாவதாக வந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அடுத்த சுற்றில் சான்செஸ் திரும்பவும் களத்தில் நின்றார். அங்கயும் அவர் கேனை இழுத்து விழுத்திப் பெனால்ட்டி குடுத்தார், கேன் அதைக் கோலாக்கினார். தொண்ணூறு நிமிடம் முடிஞ்சு குடுத்த உபாதையீட்டு நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் மினா தலையால் முட்டிச் சமப்படுத்தினார். பெனால்ட்டிகளில் உரிபே அடித்தது மேல் கம்பத்தில் பட்டது, பாக்கா அடித்ததைப் பிக்ஃபோர்ட் தடுத்தார், கொலம்பியா வெளியேறியது. இந்த முறை ஆரின்ர பேரைச் சொல்லப்போறியள்?