தேமல் என்று கடந்துபோகும் திட்டுகள்: பாடசாலைப் பரிசோதனைக்குப் பிறகு என்ன நடக்கிறது?

கிராமப்புறப் பாடசாலைகளில் மருத்துவப் பரிசோதனை நாள் எப்படியிருக்கும் என்பது அங்கு படித்த எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தின் ஒரு மூலையில் தராசு, சுவரில் உயரம் அளக்கும் நாடா, சற்றுத் தள்ளி கண் பார்வைக்கான எழுத்துப் பலகை. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பல்லையும் கண்ணையும் பார்த்து, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு, அட்டையில் குறித்துக்கொள்வார். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. சட்டைக்குள் மறைந்திருக்கும் வெளிறிய திட்டு ஒன்று அந்த நிமிடங்களுக்குள் கண்ணில் படுமா, இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் கைவிரல்களின் எதிர்காலமே தங்கியிருக்கலாம்.

தொழுநோய் பழைய காலத்து நோய் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கை இலங்கை 1995ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டது. ஆனால் அது நோய் இல்லாமல் போனதற்கான சான்று அல்ல. அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர்கள் நாட்டில் பதிவாகி வருகின்றனர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் 15 வயதுக்குக் குறைந்த சிறுவர். மேல் மாகாணத்துக்கு அடுத்தபடியாக மட்டக்களப்பு, கல்முனை உள்ளிட்ட கிழக்குப் பகுதிகள் தொடர்ந்து பேசப்படுகின்றன.

சிறுவர் எண்ணிக்கையைத் தனியாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உடலில் புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகலாம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு நோய் தெரிகிறதென்றால், அந்தப் பிள்ளை மிகச் சிறிய வயதிலேயே கிருமியைப் பெற்றிருக்க வேண்டும். அந்த வயதில் பிள்ளை நெருங்கிப் பழகுவது வீட்டாரோடும் அயலாரோடும்தான். ஆகவே பாடசாலையில் கண்டறியப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால், இன்னும் கண்டறியப்படாத பெரியவர் ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். பாடசாலைப் பரிசோதனையின் உண்மையான பயன் அந்த வீட்டுக்கு வழிகாட்டுவதில்தான் இருக்கிறது.

விதி நல்லது, நடைமுறை?

நமது பாடசாலை மருத்துவப் பரிசோதனைத் திட்டம் மோசமானதல்ல. பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவர்கள் பரிசோதிக்கப்படுகின்றனர். 200 மாணவர்களுக்குக் குறைந்த பாடசாலைகளில் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த விதியின்படி, படுவான்கரையிலோ மலையகத் தோட்டத்திலோ உள்ள ஒரு சிறிய பாடசாலையின் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிடக் கூடுதலான தடவைகள் பரிசோதனை கிடைக்க வேண்டும்.

ஆனால் தோலைப் பார்ப்பதென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும். தரம் 7இலும் 10இலும் படிக்கும் பெண் பிள்ளைகளை அப்படிப் பரிசோதிக்கத் தனி அறையும் பெண் உத்தியோகத்தரும் தேவை. வகுப்புகளையே தட்டியால் பிரித்து நடத்தும் பாடசாலையில் அந்த அறை எங்கிருந்து வரும்? விளைவாக முகமும் கையும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. முதுகு, தொடை, இடுப்பு எல்லாம் தப்பிவிடுகின்றன.

அடுத்தது, திட்டைக் கண்டாலும் அதை இனங்காணும் சிக்கல். பிள்ளைகளின் உடலில் வெளிறிய திட்டுகள் சாதாரணம். பெரும்பாலானவை தேமலோ, வறண்ட தோலால் வருபவையோதான். தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தால் தெரியும். சிறு பிள்ளைகளிடம் இந்தச் சோதனை எளிதல்ல. முகத்தில் வரும் திட்டில் உணர்ச்சி மாறாமலும் இருக்கலாம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் பெற்றோரும் கடைக் களிம்பு ஒன்றைப் பூசிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நரம்பு பாதிக்கப்பட்டு விரல் மடங்கத் தொடங்கும்போதுதான் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும். முற்றாகப் பழுதான நரம்பைத் திருப்பித் தராது.

துண்டு கொடுத்த பின்னர்

சந்தேகம் எழுந்தால் தோல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுமாறு பிள்ளையிடம் துண்டு ஒன்று கொடுக்கப்படும். வசதியுள்ள குடும்பத்துக்கு அது ஒரு நாள் வேலை. கூலி வேலை செய்யும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளமும் இரண்டு பஸ் பயணங்களும். வலியில்லாத ஒரு திட்டுக்காக அதை இழக்க வேண்டுமா என்று அவர் யோசிப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஹெந்தலை, மாந்தீவு ஆகிய பெயர்கள் பிரித்து வைக்கப்படுதலின் பெயர்களாகவே மூத்தவர்களின் நினைவில் இருக்கின்றன. வகுப்பின் முன்னால் பெயர் கூப்பிட்டுத் துண்டைக் கொடுத்தால் அன்று மாலையே ஊர் பேசும். உண்மையில் சிகிச்சையைத் தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவாக நீங்கிவிடுகிறது. மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் முடிந்துவிடும். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை. அதிபரும் வகுப்பாசிரியரும் இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளையோடு நின்றுவிடக் கூடாது என்பதைச் சொறி சிரங்கும் காட்டுகிறது. பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசி, ஒரே பாயில் படுக்கும் சகோதரர்களை விட்டுவிட்டால் சில வாரங்களில் அது திரும்பி வரும். 2015இல் வெளியான பிஜித் தீவு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நோய் கண்டவர்களுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகியோருக்கும் மட்டும் சிகிச்சையளித்த சமூகத்தில் சிரங்கு ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகவே குறைந்தது. எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை வழங்கப்பட்ட சமூகத்தில் அது 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

எதைக் கணக்கிடுகிறோம்?

நமது அறிக்கைகளில் முன்னுக்கு நிற்பது எத்தனை பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை. அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. துண்டு பெற்றவர்களில் எத்தனை பேர் சிகிச்சை நிலையத்தை அடைந்தார்கள்? எத்தனை நாட்களில் அடைந்தார்கள்? நோய் உறுதியான பிள்ளைகளின் வீட்டார் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள்? ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் பிள்ளைகளின் அடையாளம் வெளிவராமல் இந்த மூன்றையும் வெளியிடலாம்.

எண்ணிக்கை கூடினால் கெட்ட பெயர் வரும் என்ற அச்சத்தையும் விட வேண்டும். கொரோனா காலத்தில், 2020, 2021ஆம் ஆண்டுகளில், பதிவான புதிய தொழுநோயாளர் எண்ணிக்கை குறைந்தது. பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன, கிளினிக்குகளுக்குச் செல்ல வழியில்லை. மெதுவாகப் பரவும் இந்த நோய் இரண்டு ஆண்டுகளில் தானாகக் குறைந்திருக்க முடியாது. தேடுவது குறைந்தது, அவ்வளவுதான்.

பெரிய செலவு தேவைப்படும் வேலையல்ல இது. பரிசோதனை நாளில் ஒரு திரை, ஒரு பெண் உத்தியோகத்தர், பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். துண்டு பெற்ற பிள்ளையின் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு தடவை செல்வது. போக்குவரத்துக்குச் சிறு உதவி, அல்லது மாதம் ஒரு நாளாவது தோல் நோய் வைத்தியர் பிரதேச வைத்தியசாலைக்கு வருவது. இவை இல்லாத இடத்தில், பரிசோதிக்கப்பட்டவள் என்று அட்டையில் எழுதப்பட்ட ஒரு பிள்ளை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பேனாவைப் பிடிக்கச் சிரமப்படுபவளாக இருக்கலாம்.