அம்மம்மாவின் இணையக் கணக்கு

பாரிஸ் லாச்சப்பல் கடைகளில் தொலைபேசி அட்டைகள் விற்கப்பட்ட காலத்தில், தாயகத்துடன் பேசிய ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்பட்டது. இன்று பாரிஸ் வீடுகளில் அந்த எண்ணிக்கை இல்லை. 2002 இல் ஃப்ரீ நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு வரம்பற்ற அகலப்பட்டை இணைப்பை அறிமுகப்படுத்தியது. வரம்பின்மை படிப்படியாகப் பிரான்சின் வீட்டு இணைப்புகளில் பொது வழக்காயிற்று. வீட்டில் மாதாந்தத் தரவு வரம்பு என்றால் என்னவென்றே அறியாத ஒரு தலைமுறை இங்கு வளர்ந்துள்ளது.

எனினும் அந்த எண்ணிக்கை முற்றாக மறைந்துவிடவில்லை. இலங்கையில் வீட்டு இணைப்புகளுக்கு மாதாந்த வரம்பு நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. 2021 இல் வரம்பற்ற திட்டங்கள் வந்தபோதிலும், வரம்புள்ள திட்டங்கள் இன்றும் விற்கப்படுகின்றன. காணொளி அழைப்பில் இரு முனைகளிலும் தரவு செலவாகிறது. ஒரு மணி நேர அழைப்பு பல நூறு மெகாபைற்றுகளை விழுங்கக்கூடும். பாரிசில் அழைப்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. யாழ்ப்பாணத்தில் பதிலளிக்கும் அம்மம்மாவின் கணக்கில் அது கழிகிறது. "சரி பிள்ளை, வைக்கட்டே" என்று அவர் விரைவில் விடைபெறுவதற்குக் களைப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

வரம்பு தவிர்க்கவியலாத தொழில்நுட்பத் தேவை என்று கூறப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும்போதுதான் வலையமைப்பில் நெரிசல் ஏற்படுகிறது. அதிகாலை மூன்று மணிக்குச் செலவாகும் கிகாபைற்றால் எவருக்கும் இடையூறில்லை. மாதக் கணக்கிலோ அதுவும் இரவு எட்டு மணிக்குச் செலவாவதும் ஒன்றே. நள்ளிரவுக்குப் பின்னரான நேரத்திற்கெனத் தனி அளவை வழங்கிய இலங்கைத் திட்டங்களே இதற்குச் சான்று. ஆனால் இலங்கையில் நள்ளிரவாகும்போது பாரிசில் குளிர்காலத்தில் மாலை 7.30, கோடையில் 8.30. பேரப்பிள்ளைகள் பேசத் தயாராகும் வேளையில் அம்மம்மாமார் உறங்கிவிடுகின்றனர்.

வரம்பு மனிதர் எடுக்கும் முடிவு; ஆகவே மாற்றக்கூடியது. கனடாவில் 2011 சனவரியில், சிறிய இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளரிடமும் பயன்பாட்டு அளவின்படி கட்டணம் அறவிட ஒழுங்குமுறை ஆணையத்தின் தீர்மானம் வழிவகுத்தது. இலட்சக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் தன் நிலைப்பாட்டை மாற்றி, இணைப்பின் கொள்ளளவை அடிப்படையாகக் கொண்ட மொத்தக் கட்டண முறையை ஏற்றது.

தாயகத்தில் அத்தகைய மாற்றம் முழுமை பெறும்வரை, புலம்பெயர்ந்த குடும்பங்கள் செய்யக்கூடியவை உள்ளன. ஊரிலுள்ள வீட்டின் இணைப்புத் திட்டம் எது, மாதத்தின் எந்த நாளில் அளவு தீர்கிறது என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். இயன்றவர்கள் பெரிய திட்டத்திற்கான மேலதிகக் கட்டணத்தை ஏற்க வேண்டும். வட்ஸ்அப்பில் அழைப்புகளுக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் தெரிவும், காணொளிகள் தாமாகத் தரவிறங்குவதை நிறுத்தும் வசதியும் உண்டு. அவற்றை அமைத்துக்கொடுப்பது இளையோருக்குச் சில நிமிட வேலை.

பிரெஞ்சு மொழியில் கல்வி கற்கும் பிள்ளைக்கு வாரந்தோறும் இயல்பான தமிழ் கேட்கக் கிடைக்கும் இடம் அந்தத் திரைதான். அது மாத நடுவில் இருண்டுபோவதை ஒரு சிறு கட்டணத்தால் தவிர்க்க முடியுமெனில், அதைப் பிள்ளையின் கல்விச் செலவாகவே கருத வேண்டும்.